ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது

புயல் எங்கள் செந்நாவல்குப்பத்து முந்திரிக் காட்டை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போன பதின்மூன்றாவது மாதம், வெட்டி விறகாக்க ஆள் இல்லாமல் ஏரிக்கரையை ஒட்டிக் கிடந்த ஊர்ப்பொது மரம், வேர் வானத்தைப் பார்க்க, தலை செம்மண்ணில் புதைய, படுத்தது படுத்தபடியே பூ எடுத்தது. தையில் பூத்து, மாசியில் பிஞ்சு விட்டு, பங்குனி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் அத்தனை பழமும் ஒன்றாகப் பழுக்க, வாசனை தாங்காமல் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. செத்து ஒரு வருசமான மரம் எப்படிக் காய்த்தது என்று யாரும் கேட்கவில்லை. "நல்லதாப் போச்சு, ஏணி தேட வேணாம்" என்று என் தம்பி தணிகாசலம் சொன்னான். எல்லோரும் கூடையை எடுத்துக்கொண்டு போனோம்.

அப்போது ஊரில் எரிந்தது பதினோரு அடுப்பு. மற்றவர்கள் மரம் போன துக்கத்தில் பனியன் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போய்விட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஆளை எண்ண மாட்டோம், வீட்டை எண்ண மாட்டோம், அடுப்பைத்தான் எண்ணுவோம். பொதுவில் எது கிடைத்தாலும் அடுப்புக்கு ஒரு பங்கு, அந்த அடுப்பில் இரண்டு பேர் தின்றாலும் ஒன்பது பேர் தின்றாலும் பங்கு ஒன்றுதான். அடுப்புக்கு ஒரு சாக்காக வட்டம் கட்டி விரித்து வைப்போம். எண்ணுகிறவள் நடுவில் நின்று, முதலில் நூறு நூறாகவும், பிறகு கை கையாகவும், கடைசியில் ஒற்றை ஒற்றையாகவும், சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டே வருவாள்.

எண்ணுகிறவள் நான். பெயர் ராசாம்பாள், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள், முப்பத்திரண்டு வருசம் முந்திரிக் கம்பெனியில் கொட்டை எண்ணிப் போட்டவள், கல்யாணம் ஆகாதவள், தம்பி அடுப்பில் சாப்பிடுகிறவள். எண்ணுகிறவளுக்குச் சாக்கு கிடையாது. பங்கு இருந்தால் கை சாயும் என்று எப்போதோ வைத்த வழக்கம். எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது, ஏனென்றால் நடுவில் நிற்கிறவளை யாரும் பார்ப்பதில்லை, அவள் கையைத்தான் பார்ப்பார்கள்.

கைக்கு ஐந்து கொட்டை, இருபது கை நூறு. முதல் கையை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லி, இரண்டாவது கையை இரண்டு என்றே சொல்லி, நூறு சேர்ந்ததும் ஒரு புளியங்கொட்டையைப் பானையில் போட வேண்டும். பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுக்க இரண்டு நாள், எண்ண மூன்று நாள் ஆனது. பானையில் ஏழாயிரத்து இருநூற்று ஏழு புளியங்கொட்டை இருந்தது. மேற்கொண்டு மூன்று கையும் நாலு ஒற்றையும். ஆக ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்றுப் பத்தொன்பது. பதினோரு சாக்குக்கும் போட்டுக்கொண்டு வந்தேன். பதினோராவது சாக்குக்கு மட்டும் ஒன்று குறைந்தது.

"ஏழு லட்சத்துல ஒண்ணுதானே, அது என் சாக்கா இருக்கட்டும்" என்று ஊர்ப் பெரியவர் கோதண்டபாணி குறைந்த சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதர்தான் அவர். அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

கொட்டையை இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, பதினோரு வீட்டாரும் ஒன்றாக உடைக்க உட்கார்ந்தார்கள். ஒரு கொட்டையும் உடையவில்லை. கட்டை பிளந்தது, கல் தெறித்தது, தணிகாசலம் இரும்புக் கம்பியால் அடித்து அவன் தோள்தான் பிசகியது. கொட்டைகள் பாட்டுக்கு, அடி தங்கள்மேல் விழவில்லை என்பதுபோலக் கிடந்தன.

எனக்கு அந்த எண்ணின்மேல் ஒரு கண் விழுந்துவிட்டது. விதைக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து, கரித்துண்டால் சுவரில் வகுத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்குப் போட்டால் இரண்டாமவருக்கு ஒன்று குறைந்தது. மூன்று பேருக்குப் போட்டால் மூன்றாமவருக்கு ஒன்று குறைந்தது. நாலு, ஐந்து, ஆறு, ஏழு, யாருக்குப் போட்டாலும் அப்படியே. எந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாலும் கடைசி ஆளை ஒன்று குறைவாக அனுப்பும் எண்ணாக இருந்தது அது. அப்படியானால் அதனோடு ஒன்றைச் சேர்த்தால் எல்லாக் கூட்டத்துக்கும் சரியாகப் போகும் எண்ணாகிவிடும். இதைக் கோதண்டபாணி காதில் மட்டும் சொன்னேன். அவர் எழுந்து நின்று, "ஒரு கொட்டை யார்கிட்டயோ இருக்குது. திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன், கொண்டாந்து போடுங்க" என்றார். கொஞ்ச நேரம் எல்லோரும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தணிகாசலம் வேட்டி மடிப்பை அவிழ்த்தான்.

"விதை போடலாம்னு எடுத்து வெச்சேன். திருடல."

"திருடினேன்னு யாருடா சொன்னா?"

"உன் மூஞ்சி சொல்லுது மாமா."

கொட்டை பதினோராவது சாக்கில் விழுந்தது. விழுந்த அந்த நொடியில், பாதி ஓங்கிய கட்டையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் கையில் கொட்டைகள் படக் படக்கென்று பிளந்து, வெள்ளைப் பருப்பு குதித்து மண்ணில் உருண்டது. அன்றைக்கு ஊருக்கு ஒன்று தெரிந்துபோனது: இந்த மரத்துக் கொட்டை, ஒற்றை மிச்சம் இல்லாமல், ஒற்றை குறை இல்லாமல், எல்லா அடுப்புக்கும் சமமாகப் போனால்தான் உடையும். சரி என்று வைத்துக்கொண்டார்கள். புளியம்பழம் புளிக்கும் என்பதுபோல அதுவும் ஒன்று.

அடுத்த வருசமும் பங்குனி இரண்டாவது செவ்வாய்க்கிழமை மரம் அதே ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது தந்தது. செய்தி கேட்டுத் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் திரும்பி வந்து அடுப்பு மூட்டியது. பன்னிரண்டு சாக்குக்கும் அறுபதாயிரத்து அறுபது, சுத்தமாகப் போனது. பதின்மூன்றாவது அடுப்பு வந்தது. ஐம்பத்தைந்தாயிரத்து நானூற்று நாற்பது. பதினாலுக்கும் போனது, பதினைந்துக்கும் போனது, பதினாறாவது அடுப்பு எரிந்தபோது ஒவ்வொரு சாக்கிலும் நாற்பத்தைந்தாயிரத்து நாற்பத்தைந்து கிடந்தது, அந்த எண்ணின் அழகைப் பார்த்து நான் ஒருத்தியே சிரித்துக்கொண்டேன். ஒவ்வொருவரும் வரும்போதும் கோதண்டபாணி ஏரிக்கரை வரை போய் மூட்டையை வாங்கிக்கொண்டு வந்தார். பங்கு குறைகிறதே என்று யாராவது முனகினால், "மரத்துக்கே கசக்கல, உனக்கு ஏன்டா கசக்குது?" என்பார்.

வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்து, மரம் சும்மா கிடப்பதைக் கண்டு சலித்துப் போனார்கள். விளைச்சல் கணக்கெடுக்க வந்த அதிகாரி ஒருவர் படிவத்தை விரித்தார். நிற்கும் மரம், சாய்ந்த மரம் என்று இரண்டு கட்டம் இருந்தது, சாய்ந்த மரத்துக்கு எதிரே விளைச்சல் எழுத இடம் இல்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் வருசா வருசம் கொட்டகைச் சுவரில் புதுக் கணக்கைக் கீழிருந்து மேலாக எழுதிக்கொண்டு வந்தேன். பதினாறை எழுதியதும் சுவர் முடிந்து சன்னல் வந்துவிட்டது. மேலே எழுத இடம் இல்லை, வகுக்க அடுப்பும் இல்லை. அதோடு விட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஏழாவது வருசம் மாசி மாதம் பூங்காவனம் வந்தாள். கோதண்டபாணியின் தம்பி மனைவி; புயலுக்குப் பிறகு புருசனோடு செங்கல் சூளைக்குப் போனவள், புருசனை அங்கேயே புதைத்துவிட்டு ஒரு பையோடு திரும்பி வந்தாள். கூரை போன தன் வீட்டின் நாலு சுவருக்குள் போய், சாணி தெளித்து, மூன்று கல் வைத்து அடுப்பை மூட்டிவிட்டுத்தான் மச்சாண்டார் கோதண்டபாணியைப் பார்க்கப் போனாள். பதினேழாவது அடுப்பு.

பங்குனியில் சாக்கு விரித்தபோது அவள் தன் சாக்கில் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே என்னிடம், "உன் சாக்கு எது, அக்கா?" என்று கேட்டாள்.

"எண்ணுறவளுக்குச் சாக்கு இல்ல."

"அப்புறம் எதுல சாப்பிடுறே?"

"தம்பி அடுப்புல."

"அது அவன் அடுப்பு" என்று சொல்லிவிட்டு அவள் குனிந்துகொண்டாள். நான் எண்ண ஆரம்பித்தேன், லாபம், இரண்டு, மூன்று.

ஒவ்வொரு சாக்கிலும் நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து விழுந்த பிறகு என் கையில் ஐந்து கொட்டை மிச்சம் இருந்தது. சரியாக ஒரு கை. நான் கையை மூடவும் தெரியாமல் திறக்கவும் தெரியாமல் நடுவில் நின்றேன். அத்தனை பேரும் என் கையையே பார்த்தார்கள்.

திரும்ப எண்ணினோம். மூன்று நாள் கழித்து அதே ஐந்து. ஐந்தைக் கோயில் உண்டியலில் போட்டார்கள், கொட்டை உடையவில்லை. ஐந்தை ஏரியில் எறிந்தார்கள். உடையவில்லை, ஏரியில் இறங்கித் தேடி எடுத்ததுதான் மிச்சம். ஐந்தையும் தணிகாசலம் முழுங்கிவிடுகிறேன் என்றான். அவன் மனைவி அவன் வாயைப் பொத்தினாள். நாள் போய்க்கொண்டிருந்தது. பதினேழு அடுப்பில் பத்தில் கஞ்சிதான் கொதித்தது, பருப்பு வாங்கிப் போகும் வேன்காரர் இரண்டு தடவை வந்து சும்மா திரும்பினார், குழாயடியில் பெண்கள் பூங்காவனத்தின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். "பதினாறு பேரும் நல்லாத்தான் தின்னோம்" என்று ஒருத்தி குடத்திடம் சொன்னாள். "நானும் நல்லாத் தின்னவ வீட்டுலதான் பொறந்தேன்" என்று பூங்காவனம் தன் குடத்திடம் சொன்னாள்.

திரும்ப எண்ணி முடித்த ஒன்பதாவது நாள் காலையில் கோதண்டபாணி ஊரைக் கூட்டினார்.

"நான் யாரையும் வேணாம்னு சொன்னவன் இல்ல. மரம் சொல்லுது. ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் ஒரு முறைகூட இடறல, பதினேழுல இடறுது. அதுக்கு மேல அதால முடியல. பூங்காவனம், நீ என் தம்பி பொண்டாட்டி. உன்னைப் போன்னு சொல்லல. உன் அடுப்பை அணைச்சிட்டு என் அடுப்புக்கு வா. என் வீட்டுல ஒருத்தியா இரு."

"உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும் மாமா. ஏழு வருசம் சூளைக்காரன் அடுப்புல ஆக்கித் தின்னேன். உப்பு போட்டா ஏன் போட்டேன்னு கேப்பான், போடலன்னா ஏன் போடலன்னு கேப்பான். நீங்க கேக்க மாட்டீங்க. ஆனா அந்த உப்பு என் உப்பா இருக்காது."

"ஊரே பட்டினி கிடக்குதும்மா."

"தெரியுது."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "அதுக்கப்புறம் நானே வந்து தண்ணி ஊத்த வேண்டியிருக்கும்."

அன்று புதன்கிழமை. உச்சிவெயிலில் நான் விதைக் கொட்டகைக்குப் போய்ச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தேன். பூங்காவனத்துக்காகப் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. பதினாறு தடவை வாய் திறந்து கொடுத்த எண் பதினேழாவது தடவை ஏன் வாயை மூடிக்கொண்டது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இலக்கத்தில் எழுநூற்று இருபது என்பது இரண்டு தடவை அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறதே, எழுநூற்று இருபதை ஆயிரத்து ஒன்றால் பெருக்கினால் இது வந்துவிடுமே என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. ஆயிரத்து ஒன்றை உடைத்துப் பார்த்தேன். ஏழு, பதினொன்று, பதின்மூன்று. எழுநூற்று இருபதை உடைத்தேன். நாலு இரண்டு, இரண்டு மூன்று, ஓர் ஐந்து. அவ்வளவுதான். இத்தனை பெரிய எண்ணுக்குள் இருந்தது பத்துச் சின்ன எண்கள். அந்தப் பத்துக்குள் பதினேழு இல்லை. பதினேழை உடைக்கவும் முடியாது, அது உள்ளே இருந்தால்தான் உண்டு. கொடுக்க மனம் இல்லாமல் இல்லை, கொடுக்க அதனிடம் இல்லை.

பிறகு, சும்மா, கை நின்றுவிடாமல் இருக்கட்டும் என்று பதினெட்டை உடைத்தேன். ஓர் இரண்டு, இரண்டு மூன்று. மூன்றுமே உள்ளே இருந்தன.

சுவரில் இடம் இல்லாததால் கதவில் எழுதினேன். பதினெட்டுக்கு நாற்பதாயிரத்து நாற்பது. மிச்சம் இல்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பதினேழில் இடறியது என்றால் அதற்கு மேல் எல்லாம் இடறும் என்று நாங்கள் அத்தனை பேரும், எண்ணுகிற நான் உட்பட, நினைத்துவிட்டோம். வரிசையாக வந்தவர்களுக்கு வரிசையாகவே கொடுத்துப் பழகியதால் வந்த தப்பு.

வெள்ளிக்கிழமை காலையில் கோதண்டபாணி குடத்தோடு வந்தார். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியிருந்தது. பூங்காவனம் அடுப்பில் உலை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்கச் சுவரைச் சுற்றி நின்றது. நான் பின்னாலிருந்து, எனக்கே கேட்காத குரலில், "பதினெட்டுக்குப் போவுது" என்றேன். யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். தணிகாசலம் திரும்பினான். "எக்கா என்னமோ சொல்லுது, கொஞ்சம் நில்லுங்க."

சொன்னேன். கதவைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லிப் பார்த்தார்கள். கோதண்டபாணி ஒவ்வொரு இலக்கமாக விரலை வைத்துப் பார்த்தார்.

"கணக்கு சரிதான். பதினெட்டாவது அடுப்பு எங்க?"

ஆளில்லாமலே ஒரு சாக்கை விரித்துவிடலாம் என்றான் ஒருவன். ஆளில்லாத சாக்கை எங்கள் ஊரில் கருமாதி அன்றைக்கு மட்டும்தான் விரிப்போம், செத்தவருக்காக.

"பேர் இல்லாத சாக்கு விரிக்க மாட்டேன், ராசாம்பா. உயிரோட இருக்கற யாராவது வேணும்."

அந்த இரண்டு நாளும் நான் ஊரில் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்திருந்தேன், பிரிந்து போகக்கூடிய மகன், கோபித்துக்கொண்ட மாமியார் என்று. ஒவ்வொரு தடவையும் எல்லோரையும் எண்ணி முடித்த பிறகு, எண்ணிய விரல் மட்டும் நீட்டியபடி நின்றது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு" என்றேன்.

"எது உனக்கு?"

"சாக்கு."

தணிகாசலத்தின் முகம் சுருங்கிப்போனது. "என் அடுப்புல உனக்கு என்னாக்கா குறை?"

"உன் அடுப்புல குறை இல்லடா. எண்ணிக்கைலதான் ஒண்ணு குறையுது."

கூட்டத்தில் யாரோ, "எண்ணுறவளுக்குப் பங்கு இருந்தா கை சாயும்னு வழக்கம் இருக்குதே" என்றார்கள். நான் வைத்திருந்த பதிலை பூங்காவனம் அடுப்பைவிட்டு எழாமலே சொன்னாள்:

"கை சாஞ்சா கொட்டை உடையாது. இதைவிட என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?"

கோதண்டபாணி குடத்தைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, மீதி இருந்த தண்ணீரைத் தானே குடித்தார்.

பதினெட்டாவது சாக்கு தணிகாசலம் கொண்டுவந்தது. உதறிக் கொண்டுவந்து, விரித்து, ஓரத்தை நேர் பண்ணிவிட்டு, என்னைப் பார்க்காமல் போனான். நான் நடுவில் நின்று போட ஆரம்பித்தேன். நூறு நூறாக, கை கையாக, மூன்றாம் நாள் சாயங்காலம் ஒற்றை ஒற்றையாக. ஒவ்வொரு சுற்றிலும் என் சாக்குக்கு வரும்போது கை கூசியது. அடுத்தவர் சாக்கில் போடுவதுபோலப் போட்டேன். கடைசிச் சுற்றில் பதினேழு சாக்கிலும் போட்ட பிறகு கையில் ஒரே ஒரு கொட்டை இருந்தது. அதை நாற்பதாயிரத்து நாற்பதாவது கொட்டையாக என் சாக்கில் வைத்தேன். கையை விரித்துக் காட்டினேன். காலி.

"யாராச்சும் அடிங்க" என்றான் தணிகாசலம்.

பூங்காவனம் தன் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கல்மேல் வைத்து, கட்டையை ஓங்காமல், கதவைத் தட்டுவதுபோல ஒரு தட்டுத் தட்டினாள். படக் என்றது.

என் அடுப்புக்குக் கல் அவள் இடிந்த சுவரிலிருந்து வந்தது, நெருப்பும் அவள் அடுப்பிலிருந்துதான். ஏரிக்கரைப் பக்கம் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டேன். அறுபத்தாறு வயதில் முதல் நாள் உலை வைத்தபோது ஒருத்திக்கு எவ்வளவு அரிசி என்று தெரியாமல் மூன்று பேருக்கு வடித்துவிட்டேன். தணிகாசலம் வந்து தின்றுவிட்டு உப்பு கூட என்றான். ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து கணக்கைச் சுவர் முடிந்த இடத்தில் நிறுத்துவதில்லை. கதவின் இரண்டு பக்கமும் எழுதி வைத்திருக்கிறேன். பத்தொன்பதுக்குப் போகாது, பன்னிரண்டு மிஞ்சும். இருபதுக்கு முப்பத்தாறாயிரத்து முப்பத்தாறு, இருபத்தொன்றுக்கும் போகும், இருபத்திரண்டுக்கும் போகும், இருபத்துமூன்றில் மறுபடி இடறும், இருபத்துநாலில் எழுந்துவிடும். ஊருக்கே இப்போது இது மனப்பாடம். போன மாசம் கையில் தகரப் பெட்டியோடு ஒரு கிழவரும் அவர் மனைவியும் பஸ்ஸைவிட்டு இறங்கி, இங்கே அடுப்பு மூட்டலாமா என்று கேட்டபோது, கோதண்டபாணி பெட்டியை வாங்கிக்கொண்டு, "தாராளமா. பின்னால இன்னொருத்தர் வர்றாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். "வருவாங்க" என்றார். தணிகாசலம் தினமும் காலை பஸ்ஸுக்குப் போய், இறங்குகிறவர்களை உற்று உற்றுப் பார்த்துவிட்டு வருகிறான்.

இருபதாவது வரும்வரை அவர்கள் இரண்டு பேருக்கும் என் அடுப்பில்தான் சாப்பாடு. இரண்டு பிடி அரிசி கூடப் போடுகிறேன். உப்பை அந்த அம்மாள் போடுகிறாள்.